பால்வெட்டுக்கு நேரம் குறித்த இலைத்துளைகள்

காம்பாரிலிருந்து கோப்பெங்கிற்கோ தாப்பாவிற்கோ போகும் சாலையோரம் இன்று கண்ணில் படுவது செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும்தான். ஒரு தலைமுறைக்கு முன் இந்த வட்டாரத்தில் எத்தனையோ இடங்களில் பால்மரம் நின்றது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்களிடம், ஏன் இருட்டோடு இருட்டாக வெட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “வெயில் ஏறிட்டா பால் காஞ்சிடும்ல, அதான்” என்பார்கள். வேறு சிலர், அது துரைமார் போட்ட சட்டம் என்பார்கள்.

இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. வெயிலில் பால் சீக்கிரம் உறையும். மங்கிலேயே கட்டிப்போனால் அது ஒட்டுப்பால் கணக்கில்தான் போகும். ஆனால் வெயில் ஏறிய பிறகு வெட்டினால் பால் குறைவாக இறங்குவதற்கு அது காரணமில்லை. காரணம் மரத்தின் உச்சியில், இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

பால் ஓடுவது பட்டைக்குள் இருக்கும் மெல்லிய பால்குழாய்களில். இரவு முழுவதும் வேர் நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இலையோ தன் துளைகளை மூடி வைத்திருக்கிறது. உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லாததால் விடியும் நேரத்தில் மரத்தின் செல்கள் எல்லாம் புடைத்து நிற்கின்றன, பால்குழாய்களும் அப்படித்தான். உளி பட்டவுடன் அந்த அழுத்தம்தான் பாலை வெளியே தள்ளுகிறது. மலாயாவின் பால்மரங்களில் ஆய்வு செய்த பட்டரி, போட்மன் என்ற இருவர் இந்த அழுத்தத்தைப் பட்டைக்குள்ளேயே அளந்து, 1964இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். பொழுது விடியும் முன் அது 10 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டுகிறது. நம் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல் அது. சூரியன் எழுந்து இலைத்துளைகள் திறந்ததும் நீர் ஆவியாக வெளியேறத் தொடங்கும். மரத்தின் அழுத்தம் படிப்படியாக இறங்கும். அதே மரத்தை அதே உளியால் உச்சிப்பொழுதில் வெட்டினால் கிடைக்கும் பால் குறைவு.

நான்கு மணிக்கு எழுந்து, பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரை வெட்டிய நம் பாட்டிமார்களின் நாள் இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத துளையின் நேரப்படியே நடந்திருக்கிறது. 1877இல் கோல கங்சாரில் பால்மரக் கன்றுகள் ஊன்றப்பட்டதை நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள். அந்த மரம் ஏன் விடியற்காலையைக் கேட்டது என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் துளையைச் சற்று அருகில் பார்த்துவிடுவோம். பெரும்பாலான மர இலைகளில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் 100 முதல் 300 துளைகள் வரை இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள். வெளிச்சம் பட்டால் இவை பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். அதன் பின்னாலேயே நீரும் நுழையும். செல்கள் உப்பி வில்லாக வளையும். நடுவே வழி திறக்கும். நீர் குறைந்தால் வேரிலும் இலையிலும் உருவாகும் அப்சிசிக் அமிலம் என்ற இயக்குநீர் வந்து, பொட்டாசியத்தை வெளியேற்றச் சொல்லும். செல்கள் தளர்ந்து வழி அடைபடும். முழுக்கத் திறந்திருக்கும்போதுகூட இந்தத் துளைகளின் மொத்தப் பரப்பு இலையில் ஒன்றிரண்டு விழுக்காடுதான். ஆனால் அவ்வளவு சிறிய, இடைவெளி விட்டு அமைந்த துளைகள் வழியே வாயு பரவும் வேகம் அந்தப் பரப்பளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவு அதிகம் என்று பிரௌன், எஸ்கோம்ப் என்ற இரு ஆங்கிலேயர் 1900இலேயே காட்டினார்கள்.

ஒளிச்சேர்க்கைக்கு இந்தத் துளை வழியே கரிவளி உள்ளே வர வேண்டும். அதற்காகத் திறந்தால் நீர் போய்விடும். நெல், பால்மரம் போன்ற சாதாரணச் செடிகள் ஒரு மூலக்கூறு கரிவளியைப் பெற ஏறத்தாழ 400 முதல் 500 மூலக்கூறு நீரை இழக்கின்றன. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்துக்கும் மேல் இப்படிக் காற்றோடு போய்விடுகிறது. இந்தப் பேரத்தை மறந்துவிட்டு, இலைத்துளையை நம் மூக்கு மாதிரி நினைப்பதிலிருந்துதான் செடிகளைப் பற்றிய தப்பான நம்பிக்கைகள் பெரும்பாலும் பிறக்கின்றன.

“இரவில் மரத்தடியில் படுத்தால் மூச்சடைக்கும்”

புளியமரத்தடியில் படுத்தவனைப் பேய் அமுக்கும் என்று முன்பு சொன்னார்கள். இப்போது பேயின் இடத்தில் கரிவளியை வைத்துவிட்டோம். படுக்கையறையில் பூந்தொட்டி வைக்கக் கூடாது என்று பிள்ளை பெற்ற வீடுகளில் இன்றும் எடுத்து வெளியே வைக்கிறார்கள்.

செடி பகலில் உயிர்வளி விடும், இரவில் கரிவளி விடும் என்று பள்ளியில் சுருக்கிச் சொல்லிக்கொடுத்ததன் விளைவு இது. செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிடப் பல மடங்கு வேகமாக நடப்பதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது; சுவாசம் மட்டும் மிஞ்சுகிறது. அளவைப் பாருங்கள். தூங்கும் பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் கரிவளி சுமார் 20 கிராம். அரை சதுர மீட்டர் இலைப்பரப்பு உள்ள நல்ல பெரிய தொட்டிச் செடி அதே நேரத்தில் விடுவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மூச்சடைக்கும் என்று பயந்தால், செடியை விட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்திருக்கும் ஆளைத்தான் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். காம்பாருக்குக் கிழக்கே மலைக்காடுகளில் செமாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக மரங்களுக்கு நடுவேதான் உறங்கி எழுகிறார்கள்.

மரத்தடியில் இரவில் படுக்க வேண்டாம் என்ற அறிவுரையில் நியாயம் உண்டு. பாம்பு வரும், பட்டுப்போன கிளை முறியும், டுரியான் காலத்தில் காய் விழும்.

“பாம்புச்செடியும் துளசியும் அரசமரமும் இரவிலும் உயிர்வளி தரும்”

நம் கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றிவரும் செய்தி. உயிர்வளி வருவது, ஒளியின் ஆற்றலால் நீர் பிளக்கப்படும்போது. இருட்டில் எந்தச் செடியும் எந்த மரமும், எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும், அதைச் செய்ய முடியாது.

பாம்புச்செடியைப் பற்றிய பேச்சுக்கு ஒரு மூலம் இருக்கிறது. அதுவும் கற்றாழையும் அன்னாசியும் வறண்ட நிலத்துக்குப் பழகிய தனி வகை. பகல் வெயிலில் துளையைத் திறந்தால் நீர் போய்விடும் என்பதால் இவை இரவில் திறந்து கரிவளியை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். காலையில் துளையை மூடிவிட்டு, சேர்த்து வைத்ததை வெளிச்சத்தில் பயன்படுத்தும். உயிர்வளி அப்போதுதான் உண்டாகும். இரவில் கரிவளியை வாங்குவது மெய். ‘இரவில் உயிர்வளி தரும்’ என்பது அதைத் திரித்த கதை.

வீட்டுக் காற்றைச் செடி சுத்தப்படுத்தும் என்பதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆய்வைச் சான்று காட்டுவார்கள். அந்த ஆய்வு நடந்தது காற்றுப் புகாமல் மூடிய சிறு கூண்டுகளில். பின்னர் வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றுதிரட்டிக் கணக்குப் போட்டவர்கள் 2019இல் சொன்னது: ஒரு கட்டடத்தில் சாதாரணமாகக் காற்று வந்து போவதால் கிடைக்கும் பலனைச் செடிகளால் பெற வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும். செடி வளர்க்க வேறு எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்கின்றன. காற்றுக்கு, சன்னலைத் திறந்து விடுங்கள்.

“இலை வாடினால் உடனே தண்ணீர் ஊற்று”

இந்த ஒரு நம்பிக்கைதான் வீட்டுத் தோட்டங்களில் அதிகச் செடிகளைக் கொல்கிறது என்பேன்.

உச்சிவெயிலில் இலை சோர்ந்து தொங்குவது, வெளியேறும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாததால். பல செடிகள் அந்த நேரத்தில் துளைகளைப் பாதி மூடிக்கொள்ளும். மாலை வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். காம்பாரைச் சுற்றிப் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் காய்கறி போடுபவர்களுக்கு இது பழகிய காட்சி. ஈயம் அரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மணலில் நீர் தங்காது. காலையில் பாய்ச்சியது மதியத்துக்குள் கீழே இறங்கிவிடும். அந்த மணலில் கூடுதல் நீரும் மட்கும் தேவைதான். ஆனால் வீட்டுத் தொட்டியில் மண் ஏற்கெனவே ஈரமாக இருந்து, இலை மட்டும் வாடியிருந்தால் கதை வேறு. வேரும் சுவாசிக்க வேண்டும். அதற்கு வேண்டிய உயிர்வளி மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்துதான் வருகிறது. அந்த இடைவெளி எல்லாம் நீரால் நிரம்பினால் வேர் திணறும்; திணறும் வேரால் நீர் உறிஞ்ச முடியாது; இலைக்கு நீர் வராமல் துளைகள் மூடிக்கொள்ளும்; இலை வாடும். வாடியதைப் பார்த்து மறுபடியும் ஊற்றுவோம். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று ஊற்றாமல் விடுவதே மருந்து.

நீருக்குள்ளேயே வேரை வைத்து வாழும் செடிகள் என்ன செய்கின்றன? ஈயக்குட்டைகளில் படரும் தாமரையைப் பாருங்கள். அதன் இலைத்துளைகள் மேற்பக்கத்தில் இருக்கின்றன. நீரில் மிதக்கும் இலைகளின் அடிப்பக்கம் நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அங்கே இருந்து பயனில்லை. மேற்பக்கத்தில் நீர் ஒட்டாமல் உருண்டோடுவதால் துளைகள் அடைபடுவதுமில்லை. அந்தத் துளைகள் வழியே இலை காற்றை வாங்கி, காம்புக்குள் இருக்கும் நீண்ட குழாய்கள் மூலம் சேற்றுக்குள் கிடக்கும் கிழங்குக்கு அனுப்புகிறது. சந்தையில் வாங்கிய தாமரைக் கிழங்கைக் குறுக்கே நறுக்கும்போது வட்டமாகத் தெரியும் ஓட்டைகள் அந்தக் காற்று போகும் வழிதான். இதே பேராக்கில் மாத்தாங் சதுப்புநிலக் காட்டுக்குப் போனால், அலையாத்தி மரங்கள் வேறு வழி கண்டிருப்பதைப் பார்க்கலாம். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அவற்றின் வேர்களின் பட்டையில் சிறு சிறு துளைகள். கடல்நீர் வடியும்போது காற்று அவற்றின் வழியே வேருக்குள் போகிறது. மரங்களின் தண்டிலும் இத்தகைய பட்டைத்துளைகள் உண்டு. இலை மட்டும்தான் சுவாசிக்கிறது என்பதும் தப்பு.

நண்பகலில் இலைமேல் தண்ணீர் தெளித்தால் நீர்த்துளி கண்ணாடி வில்லைபோல் வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்றும் சொல்வார்கள். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்தார்கள். வழவழப்பான இலையில் துளி தட்டையாகப் பரவிவிடுவதால் ஒளி இலைக்குள் குவிவதில்லை. துளியை உயரத் தாங்கிப் பிடிக்கும் மயிர்கள் உள்ள நீர்ப்பெரணி போன்றவற்றில் மட்டும் சுட வாய்ப்பிருக்கிறது. மதியம் தெளித்தால் நீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும் என்பதுதான் உண்மையான நட்டம்.

“சேம்பு இலை நுனியில் காலையில் நிற்பது பனித்துளி”

எல்லாத் துளியும் பனியாகாது. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் நீரைத் தள்ளிக்கொண்டே இருந்தால், மிஞ்சியது இலை விளிம்பிலும் நுனியிலும் இருக்கும் நீர்த்துளைகள் வழியே சொட்டுச் சொட்டாகக் கசியும். பனி இலை முழுவதும் படரும். இது விளிம்பில் மட்டும் வரிசையாக நிற்கும். பால்மரத்தை விடியலில் புடைக்க வைக்கும் அதே இரவு நீர்தான் இதுவும். கசிவு நல்லதுதான், ஒரு சங்கடம் தவிர: நெற்பயிரின் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க் கிருமி இந்த நீர்த்துளைகள் வழியேயும் உள்ளே புகுகிறது.

“தூசி இலைத்துளையை அடைத்துவிடும், எண்ணெய் தேய்த்துத் துடை”

சிம்பாங் பூலாய், கிரமாட் பூலாய் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரிகளை ஒட்டிய சாலைகளில் இலைகள் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூசி கெடுதல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது படிவது மேற்பக்கத்தில். மர இலைகளின் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில். எனவே தூசியின் முதல் கெடுதல் வெளிச்சத்தை மறைப்பது. 1997இலும் 2015இலும் வந்த புகைமூட்டம் செடிகளுக்குச் செய்த கெடுதலிலும் ஒரு பகுதி இதுதான். மிக நுண்ணிய துகள்கள் அடிப்பக்கம் வரை போய் ஒட்டும்போதுதான் துளைகளுக்கு இடைஞ்சல்.

இந்த அடிப்பக்கத் துளைகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். வீட்டு வேலியோரம் பலர் வைத்திருக்கும் ரோயோ செடியின், மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாக வாள்போல் நீண்ட இலை ஒன்றைப் பறித்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்து ஊதாத் தோலை மெல்லிசாக உரித்து, ஒரு சொட்டு நீரில் பரப்பி, பள்ளி உருப்பெருக்கியில் வைத்தால், ஊதாக் கட்டங்களுக்கு நடுவே அங்கங்கே பச்சையாக இரட்டை இரட்டையாகத் தெரிபவை காப்புச் செல்கள். அதே தோலில் ஒரு சொட்டு உப்புநீரை விட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் நீர் வெளியேறி, திறந்திருந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்க்கலாம். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் ஆசிரியர் இதைக் காட்டிவிட்டால், அந்தப் பிள்ளை இதை மறக்காது.

தேங்காயெண்ணெய் தேய்த்து இலையைப் பளபளக்க வைப்பது வேண்டாம். எண்ணெயில் தூசி இன்னும் அதிகமாக ஒட்டும். அடிப்பக்கத்தில் தடவினால் துளைகளே அடைபடும். ஈரத்துணி போதும்.

“மருந்தை மேலே அடித்தால் போதும்”

இலைத்துளை பயிருக்கு வழி, கிருமிக்கும் வழி. இதனால் தமிழர் வாழ்க்கையே திசைமாறிய ஒரு கதை இருக்கிறது. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் பொடிபோல ஒன்று தென்பட்டது. காப்பித் துரு என்ற பூஞ்சை நோய் அது. அதன் வித்து இலைமேல் முளைத்து, நுனியால் தடவித் தேடி, இலைத்துளை வழியே உள்ளே இறங்கும். உள்ளே வளர்ந்து, புதிய வித்துகளைக் கொத்தாக அதே துளை வழியே வெளியே தள்ளும். காப்பி இலையில் துளைகள் அடிப்பக்கத்தில் மட்டும் இருப்பதால் நோயும் அங்கேயே. 1880இல் மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்து இந்த வாழ்க்கைச் சுற்றை விளக்கினார். அதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. இலங்கையில் நொடித்த துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து முதலில் காப்பியும் பிறகு பால்மரமும் போட்டார்கள். காப்பித் தோட்டங்களில் உருவான கங்காணி முறையும் இங்கே வந்து சேர்ந்தது. நம்மில் பலருடைய குடும்பக் கதையில் அந்தப் பூஞ்சைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இன்றைக்கும் தெளிப்பானை எடுத்துக்கொண்டு இலையின் மேற்பக்கத்தை மட்டும் நனைத்துவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். துரு நோய்க்கு அடிப்பக்கம் நனைய வேண்டும். அதற்குக் குழாயின் மூக்கை மேல்நோக்கித் திருப்பிப் பிடித்தால் போதும். இலைவழி உரமும் காலை இளவெயிலில் அல்லது மாலையில் கொடுங்கள். மதியத்தில் துளி நொடியில் காய்ந்து உப்பு மட்டும் இலையில் மிஞ்சும்.

கிருமி வந்தால் செடி சும்மா இருப்பதில்லை. தன்மேல் பாக்டீரியா பட்டதை உணர்ந்தவுடன் இலை துளைகளை மூடிக்கொள்கிறது என்று 2006இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று கண்டுபிடித்தது. அதைவிட வியப்பு, சில பாக்டீரியாக்கள் கொரொனட்டின் என்ற நச்சைச் சுரந்து, மூடிய துளையை மறுபடி திறக்க வைக்கின்றன. அடர்த்தியாக, காற்றோட்டமில்லாமல் நட்ட செடிகளில் மழைக்காலத்தில் இலைநோய் ஏன் தாவிப் பரவுகிறது என்று இதை வைத்து ஓரளவு புரிந்துகொள்ளலாம். ஈரக்காற்றில் துளைகள் எளிதில் மூடுவதில்லை; இலைமேல் நிற்கும் நீர், கிருமிக்கு வழித்தடமாகிறது. கிளையைக் கழித்துக் காற்றை விடுவது பல நேரம் மருந்தைவிடப் பலன் தரும்.

“செம்பனைக்கு வெயில் எவ்வளவு அடித்தாலும் நல்லது”

பால்மரத்தின் இடத்தைப் பிடித்த பயிர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். செம்பனைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஆனால் காற்று வறண்டால் அதன் இலைத்துளைகள் மண்ணில் நீர் இருந்தாலும் மூடத் தொடங்கிவிடும். துளை மூடினால் கரிவளி இல்லை. கரிவளி இல்லாமல் மாவுப்பொருள் சேர்வதில்லை. வறட்சி நீடித்தால் மரம் பெண் பூங்கொத்துகளைக் குறைத்து ஆண் பூங்கொத்துகளைக் கூட்டும். உருவான பெண் பூங்கொத்துகளும் கருகிப் போகும். அதன் விளைவு அன்றே தெரியாது. பத்து மாதம் கழித்தும், இரண்டு ஆண்டு கழித்தும் குலை குறையும். எல் நினோ வறட்சிக்குப் பிறகு 2015இல் கிட்டத்தட்ட 20 மில்லியன் டன்னாக இருந்த மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2016இல் 17.3 மில்லியன் டன்னாக இறங்கியது. குலை குறையும் மாதங்களில் பழம் வெட்டுபவர்மீதும் உரம் போட்டவர்மீதும் பழி போடும் தோட்டங்கள், ஒன்றிரண்டு ஆண்டுக்கு முந்திய மழைக்கணக்கை முதலில் எடுத்துப் பார்க்கட்டும்.